‘இல்லை’ என்று சொன்னது யார்?

யூனிக்ஸ் வகைக் கணினி ஒன்றின் கறுப்புத் திரையில் ஒரு நிரலின் பெயரைத் தட்டி என்டரை அழுத்துகிறீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகியிருக்காது, பதில் வந்துவிடுகிறது. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்.’ இல்லையென்றால், ‘பெர்மிஷன் டினைட்.’ எல்லாவற்றையும்விட விசித்திரமானது, ‘நோ சச் ஃபைல்’, அதாவது அப்படியொரு கோப்பே கிடையாது என்பது. அந்தக் கோப்போ அதே திரையில், இரண்டு வரி மேலே, பட்டியலில் பளிச்சென்று தெரிகிறது.

புதிதாகப் பழகுகிறவர்கள் அதே கட்டளையை மறுபடியும் தட்டிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் முதலில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இதைச் சொன்னது யார்? என்டர் விசையை அழுத்துவதற்கும் நிரல் தன் வேலையை முடிப்பதற்கும் நடுவே நான்கு கட்டங்கள் இருக்கின்றன. முதலில் ஷெல், அடுத்து கெர்னல், பிறகு ஏற்றி, கடைசியாக அந்த நிரலே. நான்கும் மறுக்கக்கூடியவை. நான்கின் காரணங்களும் வேறு வேறு. எந்தக் கட்டத்தில் மறுப்பு வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பாதையில் ஒவ்வொரு அடியாக நடந்து பார்ப்போம்.

ஷெல் என்பது நாம் தட்டும் வரியைப் படித்து, அதற்குரிய நிரலை ஓடவைக்கும் இடையாள். 1969இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்றைய லினக்ஸும் மேக் கணினிகளும் அந்த மரபில் வந்தவை. அந்த மரபில் ஷெல் இயங்குதளத்தின் உள்ளுறுப்பு அல்ல. அதுவும் மற்ற நிரல்களைப் போல ஒரு சாதாரண நிரல்தான். பிடிக்காவிட்டால் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம். போர்ன் ஷெல், பாஷ், இசட் ஷெல் என்று பல ஷெல்கள் வாழ்வது இதனால்தான். ஷெல்லுக்குத் தனி அதிகாரம் எதுவும் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல புதிர்கள் இதிலிருந்தே அவிழும்.

ஒரு பெயரைக் கொடுத்ததும் ஷெல் வட்டில் தேட ஓடிவிடுவதில்லை. பாஷ் முதலில், இந்தப் பெயருக்கு ஏதாவது மாற்றுப்பெயர் வைத்திருக்கிறோமா என்று பார்க்கிறது. பிறகு நாமே எழுதிவைத்த செயல்கூறு இருக்கிறதா என்று பார்க்கிறது. அதன்பின், தனக்குள்ளேயே இருக்கும் உள்கட்டளையா என்று பார்க்கிறது. மூன்றும் இல்லையென்றால்தான் வட்டுக்குப் போகிறது. இந்த வரிசை தெரியாமல் மாணவர்கள் வழக்கமாக விழும் குழி ஒன்று உண்டு. முதல் நிரலை எழுதி அதற்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்து ஓட்டுவார்கள். பிழைச் செய்தி வராது. விடையும் வராது. திரை சும்மா இருக்கும். காரணம், ‘டெஸ்ட்’ என்ற பெயரில் ஷெல்லுக்குள்ளேயே ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று சோதித்து, வாய் திறக்காமல் முடிந்துவிடும் கட்டளை அது. மாணவரின் நிரல் தொடப்படவே இல்லை. ‘டைப்’ என்ற கட்டளையோடு அந்தப் பெயரைச் சேர்த்துத் தட்டினால், இது உள்கட்டளை என்று பாஷ் ஒரே வரியில் சொல்லிவிடும்.

வட்டில் தேடுவதும் அத்தனை கோப்புகளையும் துழாவுவது அல்ல. ஒரு கணினியில் லட்சக்கணக்கான கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் அத்தனையையும் பார்த்தால் நாள் போதாது. அதனால் எந்தெந்த அடைவுகளில், அதாவது கோப்புகளை வைக்கும் எந்தெந்த உறைகளில், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று ஷெல்லிடம் ஒரு சிறிய பட்டியல் இருக்கிறது. அதன் பெயர் ‘பாத்’. 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் இந்தப் பட்டியலை முக்காற்புள்ளிகளால் பிரித்த ஒற்றை வரியாக வைத்திருந்தது. இன்றைக்கும் அதே வரி, அதே முக்காற்புள்ளிகள். இடமிருந்து வலமாகப் போகும்போது முதலில் கிடைத்ததே ஓடும். ஒரே நிரலின் இரண்டு பதிப்புகள் இருக்கும்போது பழையதே ஓடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்களா? பழையது இருக்கும் அடைவு பட்டியலில் முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் அடைவு அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்காது. அதனால்தான் கண்ணெதிரே இருக்கும் நிரலையும் ஷெல் காணவில்லை என்கிறது. பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு, ‘இங்கேயே இருப்பதை ஓட்டு’ என்று நாம்தான் சொல்ல வேண்டும். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பலர் புழங்கும் கணினியில் யாரோ ஒருவர், கோப்புப் பட்டியல் காட்டும் ‘எல்எஸ்’ கட்டளையின் பெயரிலேயே ஒரு விஷமத்தனமான நிரலைத் தன் அடைவில் வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகி அந்த அடைவுக்குள் வந்து, என்ன இருக்கிறது என்று பார்க்க ‘எல்எஸ்’ தட்டுகிறார். தற்போதைய அடைவு பட்டியலில் முதலாவதாக இருந்தால், அந்த விஷமம் நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு ஓடிவிடும். இரண்டு குறிகளைக் கூடுதலாகத் தட்டும் சிரமத்தில் ஒரு பாதுகாப்பு அரண் ஒளிந்திருக்கிறது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவு 2 மணிக்குத் தானாக ஓடும்படி வைத்தால் ஓடுவதில்லை. இந்தப் புகாருக்கும் பெரும்பாலும் அதே பட்டியல்தான் காரணம். குறித்த நேரத்தில் வேலைகளை ஓடவைக்கும் ‘கிரான்’ உங்கள் ஷெல்லின் நீண்ட பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அதனிடம் வழக்கமாக இரண்டு மூன்று அடைவுகளே உள்ள குட்டிப் பட்டியல்தான் இருக்கும். நிரலின் பெயரை மட்டும் எழுதாமல், வேர் அடைவிலிருந்து தொடங்கி முழு முகவரியாக எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

பாஷ் இன்னொரு நுட்பமும் செய்கிறது. ஒருமுறை தேடிக் கண்டுபிடித்த நிரலின் இருப்பிடத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்தமுறை தேடும் வேலை மிச்சம். ஆனால் இடையில் அந்த நிரலை வேறு அடைவுக்கு மாற்றிவிட்டால், பாஷ் பழைய முகவரிக்கே போய் நின்று, கோப்பு இல்லை என்கிறது. புதிய இடமும் பட்டியலில் இருக்கிறது. என்றாலும் அது பார்ப்பதில்லை. ‘ஹேஷ்’ என்ற கட்டளைக்கு ஆர் என்ற குறிப்பைக் கொடுத்தால் அந்த நினைவு அழிந்து, தேடல் புதிதாகத் தொடங்கும்.

பெயரை ஒப்பிடும்போது ஷெல்லும் கெர்னலும் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அதற்கடியில் இருக்கும் எண்களைத்தான் பார்க்கின்றன. தமிழில் பெயர் வைத்தால் இது அழகாகத் தெரியவரும். ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் வழக்கமாக 3 பைட் எடுத்துக்கொள்கிறது. ‘கொடி’ என்று ஒரு நிரலுக்குப் பெயர் வைக்கிறீர்கள். அதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் அந்தப் பெயர் 12 பைட், இரண்டாவதில் 15 பைட். திரையில் இரண்டும் மயிரிழை வேறுபாடில்லாமல் ‘கொடி’தான். லினக்ஸுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரு விசைப்பலகையில் தட்டிய பெயரை இன்னொன்றில் தட்டினால் ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரக்கூடும். இணையப் பக்கங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டிய கட்டளைகள் மறுக்கப்படுவதற்கும் பலமுறை இதுவே காரணம். சாதாரண இடைவெளி போலவே தோன்றும் வேறொரு இடைவெளிக் குறி உள்ளே நுழைந்திருக்கும்.

நிரல் கிடைத்துவிட்டது. இப்போது அதை ஓடவைக்க வேண்டும். ஷெல்லுக்குத் தனி அதிகாரம் இல்லை என்றோம் அல்லவா? வன்பொருளையும் நினைவகத்தையும் ஆளும் மையப் பகுதியான கெர்னலிடம் அது விண்ணப்பிக்கிறது. அதுவும் இரண்டு தவணையாக. முதல் விண்ணப்பம் ‘ஃபோர்க்’: என்னை அப்படியே இன்னொன்றாகப் படியெடு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் புராசஸ் என்று பெயர். ஃபோர்க் முடிந்ததும் அச்சாக ஒரே மாதிரி இரண்டு ஷெல் புராசஸ்கள் நிற்கின்றன. இரண்டாவது விண்ணப்பத்தைப் பிள்ளைப் புராசஸ் போடுகிறது. அது ‘எக்ஸெக்’: என்னுள் இருப்பதை அகற்றிவிட்டு இந்த நிரலை வை. வீட்டின் கதவு எண் மாறாமல், உள்ளே இருந்த குடித்தனம் முழுவதும் காலி செய்து வேறு குடித்தனம் வருவது போல, புராசஸின் எண் அப்படியே இருக்க, உள்ளடக்கம் முற்றிலும் மாறிவிடுகிறது. இவ்வளவு பெரிய கருத்தான ஃபோர்க்கை பிடிபி-7 என்ற கணினியில் செய்துமுடிக்கச் சரியாக 27 வரி அசெம்பிளி நிரல் போதுமானதாக இருந்தது என்று ரிச்சி பின்னாளில் எழுதினார். பள்ளி நோட்டில் ஒரு பக்கம்.

ஃபோர்க் வந்த கையோடு யூனிக்ஸின் ஆதிகாலப் புதிர்களில் ஒன்றும் வந்தது. அடைவு மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை. பிழைச் செய்தி கிடையாது. கட்டளை ஓடுகிறது, முடிகிறது, ஆனால் அடைவு மாறுவதில்லை. அதை எழுதியவர்களே தங்கள் நிரலை வரிவரியாகப் படித்து, ஃபோர்க் எப்படி இதைக் கெடுத்திருக்க முடியும் என்று மூளையைக் கசக்கினார்கள். கடைசியில் விளங்கியது. கட்டளை தன் வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டுதான் இருந்தது. பிள்ளைப் புராசஸ் பிறக்கிறது, தன் அடைவை மாற்றிக்கொள்கிறது, உடனே இறந்துவிடுகிறது. தாய் ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றிலிருந்து அடைவு மாற்றுவது ஷெல்லுக்குள்ளேயே செய்யப்படும் உள்கட்டளையாயிற்று. நிரலுக்குள் ஒரு மாறியை அமைத்துவிட்டு, நிரல் முடிந்தபின் ஷெல்லில் அதைக் காணோமே என்று இன்று தேடுகிறவர்கள், அரை நூற்றாண்டுக்கு முன் தாம்சனும் ரிச்சியும் நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

எக்ஸெக் விண்ணப்பம் கெர்னலின் மேசைக்கு வந்ததும் முதல் சோதனை, அனுமதி. ஒவ்வொரு கோப்புக்கும் 9 அனுமதிக் குறிகள் உண்டு. உடைமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்பு. படிக்க, எழுத, ஓட்ட என்று தரப்புக்கு மூன்று. புதிதாக எழுதிச் சேமித்த கோப்பில் ‘ஓட்டலாம்’ என்ற குறி பொதுவாக இருக்காது. ‘சிஎச்மாட்’ கட்டளையால் நாம்தான் போட வேண்டும். எல்லாக் கோப்பையும் படிக்க அதிகாரம் உள்ள ‘ரூட்’ பயனரே வந்தாலும், மூன்று தரப்பில் ஒன்றிலாவது இந்தக் குறி இல்லாத கோப்பைக் கெர்னல் ஓட்டித் தராது. குறி இருந்தும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறதா? அந்தக் கோப்பு இருக்கும் வட்டே, ‘இதிலிருந்து எதையும் ஓட்டாதே’ என்ற நிபந்தனையோடு இணைக்கப்பட்டிருக்கலாம். தற்காலிகக் கோப்புகளுக்கான இடத்தை நிர்வாகிகள் பல நேரம் அப்படித்தான் இணைக்கிறார்கள்.

அனுமதி சரி. இனி, இது என்ன வகைக் கோப்பு? பெயரின் கடைசியில் உள்ள மூன்றெழுத்தைக் கெர்னல் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கோப்பைத் திறந்து தொடக்கத்தைப் படிக்கிறது. 2019 முதல் லினக்ஸ் படிப்பது 256 பைட். ஆங்கிலத்தில் இரண்டு எஸ்எம்எஸ்கூட நிரம்பாத அளவு. நிரல் பல மெகாபைட் நீளம் இருந்தாலும், அதன் தலைவிதி இந்தத் தொடக்கத்தில் எழுதியிருக்கிறது. எந்திரமொழிக்கு மாற்றப்பட்ட நிரல் என்றால் முதல் 4 பைட்டில் 127, 69, 76, 70 என்ற எண்கள் இருக்கும். பின்னுள்ள மூன்றும் ஈ, எல், எஃப் என்ற ஆங்கில எழுத்துகளின் எண்கள். இப்படி அடையாளம் சொல்லும் எண்ணுக்கு மாய எண் என்று பெயர். யூனிக்ஸின் ஆரம்பகால நிரல்களில் இருந்த மாய எண் எட்டடிமான முறையில் 407. அது வெறும் முத்திரை மட்டுமல்ல, பிடிபி-11 கணினிக்கு ‘முகப்பைத் தாண்டி அப்பால் குதி’ என்று சொல்லும் மெய்யான கட்டளையும்கூட. அடையாள அட்டையே வாசலைத் திறந்துவிடும் சாவியாகவும் இருந்தது.

இன்றைய நிரல்களின் முகப்பில், 19ஆவது பைட்டிலிருந்து, எந்தச் செயலிக்காக எழுதிய நிரல் இது என்ற எண் இருக்கிறது. 62 என்றால் பெரும்பாலான மேசைக்கணினிகளில் உள்ள இன்டெல், ஏஎம்டி வகையின் 64 பிட் செயலி. 183 என்றால் கைபேசிகளிலும் இன்றைய ராஸ்பெரி பை பலகைகளிலும் உள்ள 64 பிட் ஆர்ம் செயலி. ஒன்றுக்கானதை மற்றொன்றில் ஓட்டப் பார்த்தால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்று வரும். இதைச் சொல்வது கெர்னல். நிரலில் கோளாறு இல்லை, வந்த இடம்தான் தவறு. ‘ஃபைல்’ என்ற கட்டளையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால் எந்தச் செயலிக்கானது என்று தெரிந்துவிடும். 1973லேயே யூனிக்ஸில் இருந்த கட்டளை அது.

பைத்தானிலோ ஷெல் மொழியிலோ எழுதிய நிரல்கள் எந்திரமொழிக்கு மாற்றப்படாத வெறும் உரை. அவற்றைக் கெர்னல் எப்படி ஓட்டும்? 1980 ஜனவரியில் டென்னிஸ் ரிச்சி இதற்கு ஓர் எளிய வழி செய்தார். கோப்பின் முதல் இரண்டு குறிகள் # மற்றும் ! என்று இருந்தால், அந்த வரியில் மீதி இருப்பது இந்த உரையைப் படித்து நிறைவேற்றும் மொழிபெயர்ப்பியின் முகவரி. கெர்னல் அந்த மொழிபெயர்ப்பியை ஓடவைத்து, நம் கோப்பின் பெயரை அதன் கையில் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலான மொழிகளில் # என்றால் ‘இது குறிப்பு, விட்டுவிடு’ என்று பொருள். ஆகவே மொழிபெயர்ப்பி அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டே பைட். எந்த மொழியில் எழுதிய நிரலும் எந்திரமொழி நிரலோடு சரிசமமாக நிற்க முடிந்தது.

இந்த முதல் வரியில்தான் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் எழுதிய நிரலை லினக்ஸுக்குக் கொண்டுவருகிறீர்கள். முதல் வரியில் பாஷ் இருக்கும் முகவரி எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. பாஷும் அங்கே இருக்கிறது. ஆனாலும் ‘நோ சச் ஃபைல்’. தொலை அச்சுப்பொறிகளின் காலத்தில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு ஆணைகள் போயின. அச்சுத் தலையை இடது ஓரத்துக்குத் தள்ள 13, தாளை ஒரு வரி மேலே நகர்த்த 10. விண்டோஸ் இன்றும் வரி முடிவில் இரண்டையும் எழுதுகிறது. யூனிக்ஸ் 10 மட்டுமே போதும் என்று வைத்துக்கொண்டது. ஆகவே அந்தக் கோப்பைப் படிக்கும் கெர்னலுக்கு 13 என்ற எண் முகவரியின் கடைசி எழுத்தாகிவிடுகிறது. 9 எழுத்து முகவரி 10 எழுத்தாகிறது. அப்படியொரு கோப்பு உண்மையிலேயே இல்லை. ‘கேட்’ கட்டளைக்குப் பெரிய ஏ என்ற குறிப்பைக் கொடுத்துக் கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒளிந்திருந்த அந்த 13, ^ குறியும் எம் எழுத்துமாக வெளியே வந்துவிடும். ‘டாஸ்2யூனிக்ஸ்’ என்ற சிறு நிரல் அத்தனையையும் ஒரே வீச்சில் துடைத்துவிடும்.

முதல் வரியில் இந்த அறிவிப்பே இல்லாத உரைக்கோப்பும் பல நேரம் ஓடிவிடுவது இன்னொரு வியப்பு. இதன் வகை எனக்குத் தெரியவில்லை என்று கெர்னல் திருப்பி அனுப்பியதும் ஷெல் சும்மா இருப்பதில்லை. அது ஒருவேளை தன் மொழியில் எழுதியதாக இருக்கும் என்று எண்ணி, தானே படித்து நிறைவேற்றத் தொடங்குகிறது. ரிச்சியின் ஏற்பாடு வருவதற்கு முன் ஷெல் நிரல்கள் ஓடியதே இப்படித்தான். பைத்தான் கோப்பில் அந்த வரியை மறந்துவிட்டு, புரியாத பிழைகள் மளமளவென்று கொட்டுவதைப் பார்க்கிறீர்கள் என்றால், பைத்தானை ஷெல் படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது அந்தப் பெரிய புதிருக்கு வருவோம். எந்திரமொழி நிரல், அனுமதி சரி, செயலியும் சரி. கோப்பு கண்ணெதிரே. பதில் ‘நோ சச் ஃபைல்’. கெர்னல் பொய் சொல்லவில்லை. ஆனால் வேறொரு கோப்பைப் பற்றிச் சொல்கிறது. பெரும்பாலான நிரல்கள் தனித்து ஓடக்கூடியவை அல்ல. திரையில் எழுதுவது, கோப்பைத் திறப்பது போன்ற பொதுவேலைகளுக்கான நிரல்துண்டுகள் நிரலகங்கள் என்ற பொதுக் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து நினைவகத்தில் நிரலோடு கோத்துத் தரும் சிறு நிரல்தான் ஏற்றி. எந்த ஏற்றி வேண்டும் என்று ஒவ்வொரு நிரலும் தன் முகப்புப் பகுதியில் முகவரியாக எழுதிவைத்திருக்கிறது. அந்த ஏற்றி அந்த முகவரியில் இல்லையென்றால் ‘கோப்பு இல்லை’ என்கிறது கெர்னல். உபுண்டுவில் கட்டிய நிரலை ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஆல்பைன் ‘மசில்’ என்ற வேறு அடிப்படை நிரலகத்தையும் அதற்குரிய வேறு ஏற்றியையும் வைத்திருக்கிறது. நிரல் தேடும் முகவரியில் ஒன்றும் இருக்காது.

எந்தக் கோப்பு இல்லை என்று ஏன் சொல்லவில்லை? கெர்னலுக்கு வாக்கியம் பேசத் தெரியாது. விண்ணப்பத்துக்கு அது திருப்பித் தருவது ஒரே ஓர் எண். கோப்பு இல்லையென்றால் 2. வகை புரியவில்லையென்றால் 8. அனுமதி இல்லையென்றால் 13. லினக்ஸ் கெர்னலின் மறுப்பு அகராதி முழுவதும் இப்படிச் சுமார் 130 எண்கள்தான். 2 என்ற எண் கையில் கிடைத்ததும், ஷெல் தனக்குத் தெரிந்த ஒரே பெயரை, அதாவது நாம் தட்டிய பெயரை, அதன் பக்கத்தில் வைத்து வாக்கியமாக்குகிறது. காணாமல் போனது ஏற்றி. பழி விழுந்தது நம் நிரலின் மேல்.

ஏற்றி கிடைத்து வேலையைத் தொடங்கியபின் நிரலகம் ஒன்று இல்லையென்றால், ஏற்றி தன் குரலில் பேசும். அது எந்த நிரலகம் என்று பெயர் சொல்லிவிடும். ‘எல்டிடி’ என்ற கட்டளை, ஒரு நிரலுக்குத் தேவையான நிரலகங்களையும் அவை எங்கே கிடைத்தன என்பதையும் பட்டியலிட்டு, கிடைக்காததற்கு எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ போட்டுக் காட்டும். நிரலகம் இருந்தும் போதாமல் போவதுண்டு. புதிய கணினியில் கட்டிய நிரலைப் பழைய கணினியில் ஓட்டினால், எனக்கு இன்ன பதிப்பு வேண்டும் என்று அடிப்படை நிரலகத்தின் பதிப்பு எண்ணையே ஏற்றி சொல்லும். நம்பிக்கை இல்லாத இடத்திலிருந்து வந்த நிரலின் மேல் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்த நிரலையே ஓட்டிவிடக்கூடும்.

ஏற்றியும் ஒரு நிரல்தான் என்பதிலிருந்து ஓர் அருமையான விடுகதை பிறக்கிறது. நேர்காணல்களில் கேட்பார்கள்: அனுமதிக் குறி போடும் ‘சிஎச்மாட்’ நிரலிலிருந்தே ஓட்டும் அனுமதியை நீக்கிவிட்டால் என்ன செய்வது? அதைத் திருப்பிப் போட அதே நிரல் வேண்டும், அதுவோ ஓடாது. லினக்ஸில் ஒரு விடை, ஏற்றியை நேரடியாக ஓட்டி, சிஎச்மாட் கோப்பை அதன் கையில் கொடுப்பது. கெர்னல் சோதிப்பது ஏற்றியின் அனுமதிக் குறியை. அது சரியாக இருக்கிறது. ஏற்றிக்கோ, நம் கோப்பைப் படிக்க முடிந்தாலே போதும். சிஎச்மாட் ஓடி, தன்னைத் தானே மீட்டுக்கொள்கிறது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் புதிர்களுக்கு ‘எஸ்ட்ரேஸ்’ என்ற கருவி இருக்கிறது. நிரல் கெர்னலிடம் போடும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், அதற்கு வந்த பதில் எண்ணையும், வரிவரியாகக் காட்டும். எந்த அடைவில், எந்தக் கோப்பைத் தேடி, எந்த மறுப்பு வந்தது என்பது அப்படியே தெரியும். முதல்முறை பார்க்கிறவர்களைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. நலமாக ஓடும் நிரல்களுக்கும் மறுப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ‘எல்எஸ்’ போன்ற எளிய கட்டளையின் ஏற்றிகூட, முதலில் ஏற்ற வேண்டியவை ஏதும் உண்டா என்று ஒரு பட்டியல் கோப்பைத் தேடுகிறது. பெரும்பாலான கணினிகளில் அந்தக் கோப்பே கிடையாது. 2 என்ற பதிலை வாங்கிக்கொண்டு அது தன் வேலையைப் பார்க்கப் போகிறது. மறுப்பு என்பது இந்த உலகில் விபத்தல்ல, அன்றாடப் பேச்சுவழக்கு. எந்த மறுப்புக்குப் பின் நிரல் நின்றுபோனது என்பதைத்தான் தேட வேண்டும்.

நிரல் ஓடத் தொடங்கியபின் விழுந்தாலும் தடயம் விட்டுத்தான் போகிறது. முடியும் ஒவ்வொரு நிரலும் 0 முதல் 255 வரை ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் சுபம். ‘எக்கோ’ என்று தட்டி, டாலர் குறியையும் கேள்விக்குறியையும் ஒட்டிப் போட்டால் அந்த எண் தெரியும். ஷெல்லே சில எண்களைத் தனக்கென வைத்திருக்கிறது. 127 என்றால் தேடியும் கிடைக்கவில்லை. 126 என்றால் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் 128ஐக் கழித்துப் பாருங்கள். 139இல் மிஞ்சுவது 11. தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டதால் கெர்னல் அனுப்பிய சமிக்ஞை அது. 137இல் மிஞ்சுவது 9. அது மேல்முறையீடு இல்லாத மரண ஆணை. யாரும் கொடுக்காமலே அது வந்திருந்தால், நினைவகம் தீர்ந்துபோய்க் கெர்னலே அந்த நிரலைப் பலிகொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, ஓடாத நிரலைச் சீர்செய்வது என்பது நான்கு பேரில் யார் பேசுகிறார் என்று குரலை அடையாளம் காண்பது. ‘டைப்’ ஷெல்லின் மனதைக் காட்டும். அனுமதிக் குறிகளும் ‘ஃபைல்’ கட்டளையும் கெர்னலின் பார்வையைக் காட்டும். ‘எல்டிடி’ ஏற்றியின் தேவையைக் காட்டும். முடிவு எண் நிரலின் கடைசிக் கணத்தைக் காட்டும். இவை எதற்கும் கணினியியல் பட்டம் வேண்டாம். வரிசையாகக் கேட்கும் பொறுமை போதும்.

இந்தப் பொறுமையைப் பாஷே இப்போது கற்றுக்கொண்டிருக்கிறது. அதன் அண்மைப் பதிப்புகளில், கெர்னல் 2 என்று சொன்னதும் பாஷ் பழையபடி அவசரப்படுவதில்லை. தட்டிய கோப்பு ஓட்டக்கூடியதாக அங்கே இருக்கிறதா என்று தானே ஒருமுறை சரிபார்க்கிறது. இருக்கிறது என்றால், இல்லாதது வேறெதுவோ என்று முடிவு செய்து, ‘தேவையான கோப்பு கிடைக்கவில்லை’ என்று செய்தியை மாற்றிச் சொல்கிறது. பல பத்தாண்டுகளாக எண்ணற்ற பேர் திரைமுன் உட்கார்ந்து செய்துவந்த அதே யோசனை இப்போது நிரலின் சில வரிகளாக அங்கே இருக்கிறது. அடுத்தமுறை அந்தச் செய்தி வந்தால், தேடவேண்டியது உங்கள் கோப்பை அல்ல, அதன் ஏற்றியையோ மொழிபெயர்ப்பியையோ என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும்.